வெளுத்த பறவைகள்

தாம்சின் நான்ஸுக்கு முழங்காலில் அறுவை நடந்தது பிப்ரவரியில். மார்ச் கடைசியில் ட்ரெவாரன் இல்லத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டபோது அவள் போர்த்வீனில் தன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டிக்கொண்டு, கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கு மேலே தெரியும் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறக் கல் சுவர், நான்கு புகைபோக்கிகள், மாடியில் வயிறு தள்ளினாற்போல் வெளியே புடைத்து நிற்கும் பெரிய ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் வரவேற்பறை அவளுடையது. பத்தொன்பது வருஷமாக அவளுடையது. இந்த வருஷம் முதல் தடவையாக அங்கே வேறொருத்தி நிற்கிறாள்.

ரெண்டு மாதத்தில் கால் சரியாகிவிடும், அறை எங்கேயும் ஓடிப்போகாது என்று அவள் புருஷன் டென்சில் சொல்லிவிட்டுப் படகுக்குப் போய்விட்டான். அறை ஓடாது என்பது தாம்சினுக்கும் தெரியும். அவள் பயந்தது அதற்கல்ல.

அந்த வீட்டுக்கும் அவளுக்கும் உள்ள பழக்கம் பின்வாசலில் தொடங்கியது. அவள் அம்மா வோஸ்பர் குடும்பத்துக்குத் துணி துவைத்துக் கொடுத்தவள். படுக்கை விரிப்புகளையும் மேஜைத் துணிகளையும் கஞ்சி போட்டு, மடித்து, கூடையில் அடுக்கி, படகில் ஏற்றி எதிர்க்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். எட்டு வயதிலிருந்து தாம்சின் கூடையின் மறு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள். சமையற்கட்டுக் கதவோடு அவர்கள் எல்லை முடிந்துவிடும். சமையல்காரி கூடையை எண்ணி வாங்கிக்கொண்டு, மனசு வந்தால் ஆறிப்போன பன் ஒன்றைக் கொடுப்பாள். அதற்கு அப்பால் பச்சைத்துணி ஒட்டிய ஒரு கதவு உண்டு. அது திறக்கும்போதெல்லாம் மாடிப்படியின் அடி ஓரம் மட்டும் ஒரு நொடி தெரியும். அந்தப் படி எங்கே போகிறது என்று அம்மாவுக்கும் தெரியாது.

பதினாறு வயதில் மீன் பெட்டி கட்டும் கொட்டகை. இருபத்து மூன்றில் டென்சிலோடு கல்யாணம். அப்புறம் பள்ளிக்கூடச் சமையலறையில் பதினெட்டு வருஷம்; முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு உரித்தே அவள் கட்டைவிரலில் ஒரு தழும்பு விழுந்துவிட்டது. வோஸ்பர் குடும்பத்தின் கடைசி ஆளான கிழவி வாரிசில்லாமல் செத்துப்போக, வீடு ஓர் அறக்கட்டளைக்குப் போனது. வருகிறவர்களுக்கு அறைகளைக் காட்டச் சம்பளமில்லாமல் ஆட்கள் வேண்டும் என்று தபால் நிலையத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். அந்த முதல் கூட்டத்தில் யாருக்கு எந்த அறை வேண்டும் என்று கேட்டபோது எல்லாரும் கூச்சப்பட்டுத் தரையைப் பார்த்தார்கள். தாம்சின் கையைத் தூக்கினாள். மாடியில் பெரிய வரவேற்பறை என்றாள். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அந்த அறையை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

அந்த அறையின் பெருமை அதன் சுவர்க்காகிதம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கையால் அச்சடித்தது. மாதுளங்கிளைகளில் நூற்றுக்கணக்கில் பச்சைப் பறவைகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. அந்தப் பச்சைக்கு வெயில் ஆகாது. அதனால் ஜன்னலின் சுருள்திரை எப்போதும் இறங்கியே இருக்க வேண்டும் என்பது சட்டம். திரைக்கு அந்தப் பக்கம் அந்த மாவட்டத்திலேயே அழகான காட்சி: கழிமுகம் முழுக்க விரிந்து, தண்ணீர் ஏறும்போது வெள்ளியாகவும் வற்றும்போது சேற்றில் நாரைக் கால்தடங்களாகவும் கிடக்கும். மாடி ஏறி வருகிற எறும்புகளெல்லாம் முதலில் கேட்பது அதைத்தான். வெளியூர்க்காரர்களை அந்தக் கரையில் எறும்பு என்றுதான் சொல்வார்கள். கோடையில் சாரி சாரியாக வருவதால். கொஞ்சம் திரையைத் தூக்கக்கூடாதா என்று கெஞ்சுவார்கள். முடியாது என்பாள் தாம்சின். ஒரு பிரபு வந்து கேட்டபோதும் முடியாது என்றாள். காட்சி வேண்டுமானால் தோட்டத்துக்குப் போங்கள், பறவைகளைப் பார்க்கத்தான் இந்த அறை. அவளுடைய கண்டிப்பு மற்ற அறைக்காரிகளிடையே பேர்போனது.

அவளும் ஒரு நேரம் மட்டும் திரையைத் தூக்குவாள். நாலரைக்குக் கடைசி எறும்பும் இறங்கிப் போய்விடும். நாலேமுக்காலுக்கு டென்சிலின் படகு ஊர்க்காரர்களை ஏற்றிப்போகக் கடைசி நடையாக இந்தக் கரைக்கு வரும். அது வீட்டுக்கு நேர் கீழே திரும்பித்தான் துறைக்குள் நுழைய வேண்டும். தாம்சின் கயிற்றை இழுத்துத் திரையைச் சுருட்டுவாள். மேற்கு வெயில் அறைக்குள் சாயும். கீழே டென்சில் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி மறு கையால் தொப்பியைத் தூக்குவான். இவள் கையசைப்பாள். பெட்டி கட்டிய காலத்திலும் உருளைக்கிழங்கு உரித்த காலத்திலும் அவளைப் பார்த்து யாரும் தொப்பியைத் தூக்கியதில்லை. அவன் துறைக்குள் போனதும் திரையை இறக்கி, அலமாரிகளைத் துடைத்து, கதவைப் பூட்டுவாள். பத்து நிமிஷம்தான் என்று நினைத்துக்கொள்வாள். இதைத் திரை திறந்த கணக்கில் அவள் சேர்த்ததே இல்லை. உப்புப் பார்ப்பதை யாரும் சாப்பிட்டதாகச் சேர்ப்பதில்லை, அப்படி.

கணப்பு மாடத்துக்கு மேல் கடிகாரத்தின் பின்னால் நீலக் கம்பளித் துண்டு ஒட்டிய சின்ன அட்டை ஒன்று இருக்கும். வருஷா வருஷம் எடுத்துவிட்டுப் புதிது வைப்பார்கள். பூச்சிக்கு வைத்தது என்று நினைத்து, வாரம் ஒருமுறை அதையும் மெல்லிய தூரிகையால் தூசு தட்டி வைப்பாள்.

கணப்புக்கு வலப்பக்கம் எட்டு ஒன்பது பறவைகள் மட்டும் பச்சை போய் வைக்கோல் நிறத்தில் இருந்தன. ஏன் என்று யாராவது கேட்டால் அதற்கும் அவளிடம் கதை உண்டு. வீட்டைக் கட்டிய வோஸ்பரின் மனைவி அந்த மூலையில் கேஸ் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முப்பது வருஷம் பூத்தையல் போட்டாளாம். விளக்கு வெளிச்சத்தில் வெளுத்தவையாம் அவை. இதை யார் சொல்லிக் கேட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஆறாவது ஏழாவது வருஷத்தில் ஒருநாள் அந்தப் பறவைகள் அவள் கண்ணில் பட்டன, அப்போதிருந்து சொல்கிறாள்.

மார்ச்சில் வீட்டின் நிர்வாகி ஹெஸ்டர் தொலைபேசியில் கேட்டாள், புதிதாக வருகிறவளுக்கு உதவியாக அறையைப் பற்றிய குறிப்புகள் ஏதாவது கிடைக்குமா என்று. ஹெஸ்டருக்கு முப்பத்து நாலு வயது, நல்ல மாதிரி. தாம்சின் தன் நோட்டுப்புத்தகத்தைப் பெருமையாகவே கொடுத்தனுப்பினாள். டென்சில்தான் கொண்டுபோய்க் கொடுத்தான்.

புதியவள் பெயர் மரியன். லண்டன் பக்கத்திலிருந்து வந்தவள், புருஷனை இழந்தவள், நாடகப் பள்ளியில் பேச்சுப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவள். தாம்சினை விட மூன்று வயது மூத்தவள். பார்த்தால் பத்து வயது இளையவள். இதெல்லாம் டென்சில் சொல்லித் தெரிந்தது. மரியனும் போர்த்வீனில்தான் வீடு எடுத்திருந்தாள். தினம் அவன் படகில் போய் வருகிறாள். அவன் ஏறுகிற பெண்கள் எல்லாரையும் தங்கம் என்றுதான் கூப்பிடுவான்; எண்பது வயதுக் கிழவியும் தங்கம், கைக்குழந்தையும் தங்கம். இருந்தாலும் மரியனும் தங்கம்தானா என்று தாம்சின் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அப்புறம், தகரம்னா கூப்பிடறது?" என்றான் அவன்.

ஜூனில் அவள் கோல் ஊன்றாமல் படகேறினாள். நல்ல நீலச் சட்டை போட்டு, முடியைச் சுருட்டிக்கொண்டு போனாள். ஹெஸ்டர் வாசலிலேயே கட்டிப்பிடித்து வரவேற்று, தேநீர் கொடுத்து, காலைப் பற்றி விசாரித்தாள். விசாரிப்பு நீண்டுகொண்டே போனபோதே தாம்சினுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாடிப்படி முப்பத்தொன்று. இந்தக் காலோடு தினம் ஏறி இறங்குவது நல்லதில்லை. மரியனும் அந்த அறைக்குப் பழகிவிட்டாள், வருகிறவர்களுக்கும் பிடித்திருக்கிறது. கீழேயே சமையற்கட்டு இருக்கிறதே, செம்புப் பாத்திரங்கள், இரும்பு அடுப்பு, அதற்கு தாம்சினைப் போல அனுபவமுள்ளவர் யார் கிடைப்பார்?

எந்த அனுபவம் என்று தாம்சின் கேட்கவில்லை. சமையற்கட்டில் அவளுக்குப் போட்டிருந்த நாற்காலி பின்வாசல் கதவருகே இருந்தது, அம்மாவோடு கூடையை வைத்துவிட்டு நின்ற அதே இடத்தில். அறுபத்தொரு வயதில் அங்கேயே திரும்பி வந்துவிட்டாள்.

சமையற்கட்டுக்கு வருகிற எறும்புகள் பாத்திரங்களைப் பார்ப்பதில்லை. மாடியிலிருந்து இறங்கி, வெளியே போகிற வழியில் எட்டிப் பார்த்து, கழிப்பறை எங்கே என்று கேட்கும். தோட்டத்தில் இடது பக்கம் என்பாள் தாம்சின். ஒருநாள் எண்ணிப் பார்த்தாள்: நாற்பத்தேழு பேர் கேட்டார்கள். அடுப்பைப் பற்றி ஒருவர் கேட்டார், அவரும் அடுப்பு விற்கிறவர்.

வாசலில் வைத்திருக்கும் கருத்துப் புத்தகத்தை முன்னெல்லாம் அவள் புரட்டியதில்லை. இப்போது தினம் புரட்டினாள். மாடி அம்மாளின் குரல் அருமை. மாடி அம்மாள் சொன்ன கேஸ் விளக்குக் கதையை மறக்க முடியாது. பறவைகள் அறையில் இருந்த பெண்மணிக்கு எங்கள் நன்றி. பத்தொன்பது வருஷத்தில் தன்னைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பழைய புத்தகங்களை எடுத்துப் பார்த்தாள். ஒன்று கிடைத்தது: வரவேற்பறையில் இருப்பவர் கொஞ்சம் சிரிக்கலாம்.

கதையை மரியன் எப்படித்தான் சொல்கிறாள் என்று ஒருமுறை காலை இழுத்துக்கொண்டு மாடியேறிப் போய்க் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். எல்லாம் அவள் நோட்டில் இருந்ததுதான், ஒரு சொல் கூடுதல் இல்லை. ஆனால் விளக்கு என்று சொல்லும் முன் மரியன் ஒரு நொடி நிறுத்தினாள். அந்த நொடியில் அறையில் இருந்த பன்னிரண்டு பேரும் மூச்சை நிறுத்தினார்கள். நிறுத்த வேண்டிய இடம் அது என்று தாம்சினுக்குப் பத்தொன்பது வருஷத்தில் தோன்றவே இல்லை.

இதையும் பொறுத்திருப்பாள். ஜூலையில் எல்லா அறைக்காரிகளும் கூடித் தேநீர் குடித்த நாளில் மரியன் குங்குமப்பூ பன் செய்து கொண்டுவந்தாள். குங்குமப்பூ பன் அந்தக் கரையின் பண்டம். வெளியூர்க்காரி செய்தால் ஒன்று செங்கல்லாகும், இல்லாவிட்டால் மருந்து வாடை வீசும் என்பது ஊரறிந்த விஷயம். தாம்சின் அந்த நம்பிக்கையோடு பிட்டு வாயில் போட்டாள். அவள் அம்மா செய்ததைப் போல இருந்தது. கூட வந்திருந்த டென்சில் மூன்று தின்றான். நாலாவதைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டான்.

ஆகஸ்டில் ஒருநாள் கால் வலித்ததால் தாம்சின் நாலு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பினாள். அக்கரையில் இறங்கிய பிறகுதான் மூக்குக்கண்ணாடியைச் சமையற்கட்டு மேஜையில் விட்டுவிட்டது தெரிந்தது. அது இல்லாமல் அவளுக்குத் தூரத்தில் மாடும் மரமும் ஒன்று. சரி என்று நாலேமுக்கால் நடையில் டென்சிலோடு திரும்பிப் போனாள். படகில் அவர்கள் இரண்டு பேர்தான். பத்தொன்பது வருஷமாக மேலிருந்து பார்த்த நாலேமுக்கால் திருப்பத்தை முதல் தடவையாகக் கீழிருந்து பார்த்தாள். ஜன்னல் தகதகவென்று எரிந்தது. அதன் நடுவே ஏதோ நிழல் மாதிரி அவளுக்குத் தெரிந்தது.

டென்சில் தொப்பியைத் தூக்கினான்.

அவன் தொப்பியைத் தலையில் வைத்த பிறகுதான் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அவனுக்கு உறைத்தது.

"கை தானா போச்சு பொண்ணே," என்றான்.

"தினமும் தானா போகுதா?"

"இத்தனை வருஷம் தூக்கின கை. அந்த இடத்துல திரும்பினா தூக்குது. அங்க யாரு நிக்கறான்னு பாத்தா தூக்கறேன்?"

"பாக்காமலா தூக்கறே?"

"வெயில் கண்ணாடில பட்டுக் கண்ணு கூசும். உன்னையே நான் ஒருநாளும் அங்க பாத்ததில்ல. நீ இருப்பேன்னு தூக்குவேன்."

சமாதானம் சொல்வதாக நினைத்து அவன் சொன்ன சொல் அது. தாம்சினுக்கு அது வேறு மாதிரி விழுந்தது. அப்படியானால் அவன் ஜன்னலுக்குத் தூக்கியிருக்கிறான். ஜன்னல் யாருடையதோ அவர்களுக்குத் தொப்பி. திரை தூக்கியிருந்ததா இறங்கியிருந்ததா என்று அவளால் அன்றைக்குச் சொல்லியிருக்க முடியாது. நல்ல கண் உள்ளவனுக்கே தெரியாத வெளிச்சம். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் திரை தூக்கியிருந்தது என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. படுக்கப் போகும்போது மரியனின் பச்சைக் கழுத்துத்துணி கூடத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை ஹெஸ்டரின் அறைக்குப் போனாள். மரியன் திரையைத் தூக்குகிறாள் என்றாள். தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். எத்தனை தடவை என்று ஹெஸ்டர் கேட்டாள். மூன்று தடவை என்று வாயில் வந்துவிட்டது. தனக்கு இதில் ஒன்றும் இல்லை, பறவைகளை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடியைப் பற்றிச் சொல்லவில்லை.

ஹெஸ்டர் கவலையோடு கேட்டுக்கொண்டாள். ஒருவர் சொல்லி ஒருவரைக் கேட்பது சரியில்லை, அட்டையை முன்கூட்டியே அளக்க அனுப்புகிறேன், உண்மை அதில் தெரிந்துவிடும் என்றாள். எந்த அட்டை என்று தாம்சின் யோசித்தாள், ஆனால் கேட்கவில்லை. மரியன் மாட்டிக்கொள்ள ஏதோ வழி இருக்கிறது; அது போதும்.

அடுத்த மூன்று வாரம் அவளுக்கு நன்றாகப் போனது. முழங்காலுக்குச் சொன்ன பயிற்சிகளை இரண்டு மடங்கு செய்தாள். தினம் காலையில் யாரும் பார்க்காதபோது முப்பத்தொரு படியையும் ஏறி இறங்கிப் பழகினாள். படகில் மரியன் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொன்னாள். ஒருநாள் வானிலையைப் பற்றிக்கூடப் பேசினாள்.

செப்டம்பர் நடுவில், வீடு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால், ஹெஸ்டர் இரண்டு பேரையும் வரவேற்பறைக்கு அழைத்தாள். திரை இறங்கியிருந்தது. மேஜைமேல் நீலத் துண்டுகள் ஒட்டிய அட்டைகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு வருஷம் எழுதி. தான் தூசு தட்டிய அட்டைகள் என்று தாம்சினுக்கு அடையாளம் தெரிந்தது.

"இந்த நீலம் வெளிச்சம் பட்டா வெளுக்கும்," என்றாள் ஹெஸ்டர். "எவ்வளவு வெளுத்திருக்குன்னு பாத்தா அறைக்குள்ள எவ்வளவு வெளிச்சம் வந்துதுன்னு தெரியும்."

பழைய அட்டைகள் எல்லாம் மங்கிய வானம் மாதிரி இருந்தன. கடைசி அட்டை நல்ல நீலமாக இருந்தது.

ஹெஸ்டர் குழப்பத்தோடு தொடர்ந்தாள். இந்த அறையில் வெளிச்சம் அதிகம் என்று வருஷா வருஷம் முடிவு வரும். பழைய திரை, கசிகிறது என்று நினைத்துப் புதுத் திரைக்கு நன்கொடை கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். திரை அதே திரைதான். இந்த வருஷம் மட்டும் வெளிச்சம் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. பருவம் முடிய இன்னும் ஆறு வாரம் இருப்பதைக் கழித்துப் பார்த்தாலும் அப்படித்தான். எனவே மரியன் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. அப்படியானால் முன்னால் என்ன நடந்தது?

அவள் யாரையும் பார்க்காமல்தான் கேட்டாள். அதுவே தாம்சினுக்கு அதிகமாக இருந்தது.

"ஏப்ரல்ல நான் திரையோட ஓரத்தைச் சட்டத்துக்குள்ள இழுத்துவிட்டேன், ஹெஸ்டர்," என்றாள் மரியன். "அங்க ஒரு இடைவெளி இருந்தது. அதனால இருக்கும்."

அதே அழகான குரல். தாம்சின் திரும்பித் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். சட்டத்துக்கு வெளியேதான் இருந்தது, எப்போதும் போல. பொய் சொல்கிறாள். எனக்காகச் சொல்கிறாள். அப்படியானால் இவளுக்கு நாலேமுக்கால் விஷயம் தெரியும். யார் சொல்லியிருப்பார்கள்? படகில், காற்று வாங்கிக்கொண்டு, தங்கம் தங்கம் என்று டென்சில் சொல்லியிருப்பான், பெருமையாக. நான் இவளைக் காட்டிக்கொடுத்தேன் என்பதும் தெரிந்திருக்கும். தெரிந்தும் இப்படி நிற்கிறாள்.

ஹெஸ்டரின் முகம் தெளிந்தது. அப்படியா, நல்ல வேளை என்று அட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அறையும் கதையும் பன்னும் தொப்பியும் எடுத்துக்கொண்டவள் கையிலிருந்து இந்தப் பெருந்தன்மையையும் வாங்கிக்கொண்டு, வாழ்நாள் முழுக்க அவளைப் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

"அவங்க எதையும் இழுத்துவிடல," என்றாள் தாம்சின். "அந்த ஓரத்துல இருக்கிற தையல் நான் போட்டது. அப்படியே இருக்கு, பாரு. திரையைத் தூக்கினது நான்தாம்மா. தினமும்."

எவ்வளவு நேரம் என்று ஹெஸ்டர் கேட்டாள். பத்து நிமிஷம். எப்போது என்று கேட்டாள். நாலேமுக்காலுக்கு. ஏன் என்பதற்கு தாம்சின், படகு வருகிறதா என்று பார்க்க என்றாள். மரியனை மூன்று தடவை பார்த்ததாகச் சொன்னது பொய், ஒரு தடவை, அதுவும் கண்ணாடி இல்லாமல் என்பதையும் சொல்லிவிட்டாள். தொடங்கிய பிறகு சொல்வது அத்தனை கஷ்டமாக இல்லை.

ஹெஸ்டர் ஜன்னலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் நடந்துபோய்க் கணப்புக்கு வலப்பக்கம், வைக்கோல் நிறப் பறவைகளுக்கு முன்னால் நின்றாள். சாயங்கால வெயில் அந்த ஜன்னல் வழியாக வந்தால் வேறு எங்கேயும் விழாது.

"விளக்கு," என்றாள் தாம்சின். "விளக்கு வெளிச்சம்னு..."

"அந்த அம்மாவுக்குக் கண்பார்வை ரொம்ப மோசம், தாம்சின். கடிதங்கள்ல இருக்கு. ஊசியே கையில எடுத்ததில்ல."

"ஐயோ," என்றாள் மரியன். "நான் ஆறு மாசமா அந்த அம்மாவைத் தைக்க வெச்சுட்டு இருக்கேனே."

சிரிப்பது ஹெஸ்டருக்குக் கஷ்டமாக இருந்தது, சிரிக்காமல் இருப்பதும். தாம்சின் அந்தப் பறவைகளுக்குப் பக்கத்தில் போனாள். ஒன்பது. ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் பிரபுக்களிடமிருந்தெல்லாம் காப்பாற்றிய பறவைகளைத் தன் கையாலேயே வெளுக்கவைத்திருக்கிறாள். தொடக்கூடாது என்பது சட்டம். தொடவில்லை.

ஹெஸ்டர் அவளைப் போகச் சொல்லவில்லை. சமையற்கட்டில் இருக்கலாம் என்றாள். மாடிச் சாவியை மட்டும் திருப்பிக் கேட்டாள். தாம்சினின் வளையத்தில் அது இன்னும் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. நகம் உடைய அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். இனி அந்த அறை அவளுடையதல்ல, கால் எத்தனை நன்றாக ஆனாலும்.

படியிறங்கும்போது மரியன் பின்னாலேயே வந்தாள்.

"யாராவது அந்தப் பறவைகளைப் பத்திக் கேட்டா இனிமே நான் என்ன சொல்லட்டும்?"

"உள்ளதைச் சொல்லுங்க," என்றாள் தாம்சின் திரும்பிப் பார்க்காமல். "அதையும் நீங்கதானே சொல்லப்போறீங்க."

அன்று வீட்டில் டென்சிலுக்குச் சோறில்லை. கடையில் கறி அடைத்த பாஸ்டி வாங்கித் தின்னச் சொன்னாள். நான் என்ன செய்தேன் என்று கேட்டான். நீ பேசினாய் என்றாள். ஒரு வாரம் கழித்து அவன் நாலேமுக்கால் திருப்பத்தில் தொப்பியைத் தலையோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போவதாகப் படகுத்துறையில் பேசிக்கொண்டார்கள். அது அவனே கிளப்பிவிட்ட கதை. அவளைச் சிரிக்கவைக்க. அவள் சிரிக்கவில்லை, ஆனால் சோறு வைத்தாள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, பருவத்தின் கடைசி நாள். மழை தூறிக்கொண்டிருந்தாலும் கூட்டம் வந்திருந்தது. தாம்சின் பின்வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செம்புச் சட்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாலு மணி வாக்கில் மாடியிலிருந்து ஒரு கும்பல் இறங்கி வந்தது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் புருஷன் மூக்கைச் சிந்தினான்.

தாம்சினைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. மேலே இருக்கிற அம்மாள் சொன்ன கதையைக் கேட்டீர்களா என்றாள். இந்த வீட்டில் வேலை செய்த ஒருத்தியாம். புருஷன் படகோட்டியாம். அவன் படகு வருவதைப் பார்ப்பதற்காக ஒரு பிரபுவுக்குக்கூடத் தூக்காத திரையை தினமும் தூக்குவாளாம். அந்த வெயில் பட்டுப் பறவைகள் வெளுத்துவிட்டனவாம். இந்த வீட்டிலேயே அழகான பறவைகள் அவைதான் என்றாள் அந்தப் பெண். அந்த அம்மாள் அதைச் சொல்லி முடித்துவிட்டு ஒரு நொடி நிறுத்தியபோது தனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டதாம்.

தாம்சின் சட்டியைக் கீழே வைத்தாள். எங்கே நிறுத்தினாள் என்று கேட்க நாக்கு துடித்தது. தன் வாழ்க்கையைக்கூட அவள்தான் நன்றாகச் சொல்கிறாள்.

"ரொம்ப நல்லா சொல்றாங்க," என்றான் அந்தப் புருஷன். "அப்புறம், இங்க கழிப்பறை எங்க இருக்கு?"

"தோட்டத்துல, இடது பக்கம்."

அவர்கள் கதவைத் தாண்டினார்கள். தாம்சின் எழுந்தாள். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

"பத்து நிமிஷம்னு சொன்னாங்களா?" என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

அந்தப் பெண் மழையில் நின்று திரும்பினாள். ஆமாம், பத்து நிமிஷம் என்றாள்.

"பதினஞ்சு," என்றாள் தாம்சின். "நான்தான் தூக்கினேன். எனக்குத் தெரியும்."